திற, எடு, மூடு

கோபிசெட்டிபாளையம்
18 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹர்ஷிணி எழுதுவது. இங்கே நலம், தலைவலி கூட இல்லை. உங்கள் நலமும் அம்மாவின் முழங்கால் நலமும் தெரிய வேண்டும்.

கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு தபால் பெட்டி. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன். இன்று ஏதாவது போடலாம் என்று தோன்றியது.

ஒரு வேண்டுதல். இதைப் பற்றி போனில் கேட்க வேண்டாம். பதிலும் தாளிலேயே வர வேண்டும்.

விதைப் பரிசோதனைக் கூடம் பழகிவிட்டது. ஈரத் தாளில் நூறு நெல் வைக்கிறோம். பதினாலாம் நாள் எண்ணுகிறோம். முளைத்தது எத்தனை, அழுகியது எத்தனை, ஒன்றுமே ஆகாமல் அப்படியே கிடப்பது எத்தனை. மூன்றாவது வகைக்குத் தனிக் கட்டம் உண்டு. எனக்கு அந்தக் கட்டம் பிடித்திருக்கிறது.

போன வாரம் முளைப்பு அறையின் கூலர் மோட்டார் எரிந்துவிட்டது. சத்தி ரோட்டில் காயில் கட்டுகிற கடை ஒன்றில் கொடுத்தோம். நன்றாகக் கட்டித் தந்தார்கள்.

உங்களுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர்’ என்கிறேன். எட்டு வருடமாக அதையே சொல்கிறேன். சரியாகச் சொல்ல ஆசை. எழுதுங்கள்.

நான் நன்றாகச் சாப்பிடுவதாக அம்மாவிடம் சொல்லவும்.

தங்கை,
ஹர்ஷிணி

*

கணபதி, கோவை
27 ஜூன் 2025

அன்புள்ள அம்மணிக்கு,

நானும் அம்மாவும் சுகம். முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி. நீ சுகமென்று எழுதியதை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

உன் உறையை அம்மா கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பிரிக்கவே இல்லை. அவர் தெலுங்கில் கேட்டதை எழுத எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. தமிழில் சொன்னால்: “இந்தக் காலத்துல லெட்டரா? கோர்ட்டு நோட்டீஸ் இல்லைதானே?” நாம் இருவரும் வாயில் ஒரு மொழி, கையில் ஒரு மொழி என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

என் வேலை. எங்கள் கம்பெனி நூற்பாலை எந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறது. பெட்டிக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதில் நான் பார்ப்பது கெர்னல். எல்லா புரோகிராமுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி என்று வைத்துக்கொள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் மெமரியில் ஓர் அறை. மேஸ்திரியின் அறைக்குள் யாரும் நுழைய முடியாது. அவர் யார் அறைக்குள்ளும் நுழையலாம்.

முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போதைய புராசஸரில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். மேஸ்திரியாகவே இருந்தாலும் புரோகிராமின் அறையைச் சும்மா தொடக்கூடாது. தொட்டால் வேலை அங்கேயே நிற்கும். அவசியம் வந்தால் பூட்டைத் திறக்க வேண்டும், வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும், உடனே மூட வேண்டும்.

திற, எடு, மூடு. மூன்று வரி. என் சம்பளம் பெரும்பாலும் அந்த மூன்று வரிக்குத்தான்.

போனுக்கு ஒழுங்காக சார்ஜ் போடு. செவ்வாய்க்கிழமை ஒன்பது சதவீதத்துக்குப் போய்விட்டது.

அன்புடன்,
அண்ணன் ரவிதேஜா

*

கோபிசெட்டிபாளையம்
9 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஊரே ஈர வாசனை. நீங்களும் அம்மாவும் நலமென்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சார்ஜ் விஷயத்துக்கு நன்றி.

ஒரு சந்தேகம். மேஸ்திரியிடம்தான் எல்லாச் சாவியும் இருக்கிறதே. பிறகு அவருக்கு எதற்குப் பூட்டு? அவர் கெட்டவரா? யார் கேட்டு அதைப் போட்டார்கள்?

என் அறையில் ரம்ஷா என்று ஒருத்தி இருக்கிறாள். பாங்கில் வேலை. அவளிடம் உங்கள் வேலையை விளக்கினேன். “எங்கத்தாவுக்கும் அப்படி ஒரு பூட்டு செஞ்சு தருவாருங்களா உங்கண்ணன்?” என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ரொம்ப நேரம் சிரித்தோம். முதலில் நிறுத்தியது அவள்தான்.

உறையைப் பார்த்து அம்மா வீணாகப் பயப்படுகிறார். ஆபீஸ் விலாசத்தை எழுதுங்கள்.

தங்கை,
ஹர்ஷிணி

*

சரவணம்பட்டி
18 ஜூலை 2025

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கே சுகம். உறையின் பின்னால் ஆபீஸ் விலாசம் இருக்கிறது. இனி அதற்கே எழுது.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஏமாறக்கூடியவர். யாராவது அவர் கையில் தவறான விலாசத்தைக் கொடுத்துவிடுவார்கள். தன் அறைதான் என்று நம்பி அவர் நேராக இன்னொருவர் அறைக்குள் போய்விடுவார். அங்கே கிடப்பதை எடுத்துக்கொண்டு அதன்படி நடப்பார். நல்லது செய்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். பூட்டு இருந்தால் வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்பார். அதுதான் அதன் பயன்.

உன் ரம்ஷாவிடம் சொல், அத்தாக்களுக்கான மாடல் இன்னும் வரவில்லை.

ஒன்று கேட்க நினைத்தேன். நாலு ஞாயிறாக சத்தி ரோட்டில் ஒரே இடத்தில் இருக்கிறாய், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. மேப்பில் அங்கே ஒரு உரக்கடையும் வெல்டிங் பட்டறையும்தான் தெரிகின்றன. சிநேகிதி வீடா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

சரவணம்பட்டி
12 ஆகஸ்ட் 2025

அம்மணி,

சுகம்தானே? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. போனில் பேசும்போது சோறு, மழை, முழங்கால் தவிர ஒன்றும் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை. நீ கேட்க வேண்டாம் என்றாய்.

கடந்த மூன்று ஞாயிறும் உன் போன் ஹாஸ்டலை விட்டு நகரவில்லை. நீ நகரவில்லையா, போன் மட்டுமா? திடீரென்று ஏதாவது ஆகிப்போனால் யாரைக் கூப்பிடுவாய்? எதைக் கொண்டு கூப்பிடுவாய்?

கோபமாக எழுதவில்லை. பயமாக இருக்கிறது.

அண்ணன்

*

கோபிசெட்டிபாளையம்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு சுகம். உங்கள் பயம் புரிகிறது. ஆமாம், போனை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். முதல் நாலு ஞாயிறும் கையில் வைத்துக்கொண்டேதான் போனேன். நீங்கள் கேட்பீர்கள் என்று. கேட்டீர்கள், சிநேகிதி வீடா என்று.

ஜூனில் அந்த மோட்டாரை எடுத்துப் போனது நான்தான். கடையில் ஒருவர் குனிந்து காயில் இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு காதிலும் இரண்டு பென்சில். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. நிமிராமலே, “ஏனுங் அம்மணி, எத்தன எச்.பி.ங்க?” என்றார்.

நைனா.

பெற்ற அப்பா எங்கே இருக்கிறார் என்று யாருக்குமே தெரியாது என்று சொல்லித்தான் வீட்டில் எட்டு வருடம் ஓட்டினோம். எண்பது கிலோமீட்டர், அண்ணா. பஸ் நேராக வருகிறது.

முத்தாத்தாள் அவர்கூட இருக்கிறார். நைனா யாருக்காக வீட்டை விட்டுப் போனாரோ அவர். பருமனான கை, வலது புருவத்தில் தழும்பு. நைனாவைவிட வேகமாகக் கம்பி சுற்றுகிறார். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் வெறும் ‘ஏனுங்க’ என்கிறேன். அவரும் என்னை ‘ஏனுங்க’ என்கிறார். கடையில் மூன்றே டம்ளர். பத்தே முக்காலுக்குத் தூக்குப்போசியோடு ரோட்டைத் தாண்டிப் போய் டீ வாங்கி வருவார். மூன்று பேரும் குடிப்போம். அவ்வளவுதான் என் ஞாயிறு.

நான் யார் என்று சொன்ன அன்றே நைனா கேட்டது ஒன்று.

“ஏன் கண்ணு, நான் அனுப்புனதெல்லாம் வந்துச்சா?”

“எது நைனா?”

போனை எடுத்துக் காட்டினார். என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு செய்தி. ஆறு வருடம், ஆறு செய்தி. கடைசி ஐந்திலும் ஒற்றை டிக். வந்து சேரவில்லை. முதலாவதில் மட்டும் இரண்டு நீல டிக். அதை யாரோ படித்திருக்கிறார்கள். நான் படித்ததில்லை.

என் போனில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். எந்த மாதிரிக் கோளாறு இப்படிச் செய்யும், அண்ணா?

அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

ஹர்ஷிணி

*

சரவணம்பட்டி
3 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மணிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா சுகம். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

வேலை அதிகம். பழைய புரோகிராம் வரிகள் எல்லாவற்றையும் புதிதாகச் சோதிக்கிறோம். அதற்கு ஒரு கருவி இருக்கிறது. எங்கெல்லாம் பூட்டைத் திறக்கிறோம், அங்கெல்லாம் மூடுகிறோமா என்று வரிவரியாகப் பின்தொடர்ந்து பார்க்கும். ஒரு கோப்பில் எச்சரிக்கை வந்தது: கதவு திறந்தபடியே வெளியேறுகிறது.

பார்த்தேன். திற, இருக்கிறது. எடு, இருக்கிறது. மூடு, அதுவும் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒழுங்காக மூடும். நடுவில் ஏதாவது தவறிப்போனால் என்ன செய்வது என்று ஒரு கிளை உண்டு. அந்தக் கிளையில் மூடாமலே திரும்பிவிடுகிறது. பதற்றத்தில் ஓடுகிறவன் கதவைச் சாத்தாமல் போவது போல.

அதன் பிறகு வரும் வேலைகள் எல்லாம் திறந்த கதவோடு நடக்கின்றன. திறக்க வேண்டியதைத் திறக்க மறந்தால் உடனே தெரியும், எந்திரம் நின்றுவிடும். மூட மறந்தால் எதுவும் நிற்காது. பெட்டி நன்றாக ஓடும். ஐந்தாறு வருடம் ஓடியிருக்கிறது.

உன் போன் விஷயம் பார்க்கிறேன்.

அண்ணன்

*

கோபிசெட்டிபாளையம்
14 செப்டம்பர் 2025

அண்ணாவுக்கு,

காய்ச்சல் விட்டதா? மிளகு ரசம் வைக்கச் சொல்லுங்கள்.

இன்று ஞாயிறு. கடைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். நைனா உங்களைப் பற்றிக் கேட்டார்.

“அவன் இன்னும் நகத்தைக் கடிக்கிறானா?”

“ஆமாங் நைனா.”

“பிடிவாதம்?”

“உங்களவிடக் கொஞ்சம் கூட.”

முத்தாத்தாள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, கேட்காமலே, “அவன் மேல தப்பில்ல கண்ணு. நான் போட்டுட்டுப் போனதை அவன் தூக்குனான்” என்றார்.

நீங்கள் நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. அதனால் வேறொன்று கேட்கிறேன்.

அந்த மூடாத வரியை எழுதியது யார்?

ஹர்ஷிணி

*

சரவணம்பட்டி
5 அக்டோபர் 2025

ஹர்ஷிணிக்கு,

சுகமா என்று கேட்கும் தகுதியோடு எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான்தான். 2019. அது மட்டுமில்லை. அந்தக் கோப்பைச் சோதிக்க வேண்டாம் என்று ஒரு விலக்கும் எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் இத்தனை வருடம் எந்தக் கருவியும் அதைத் தொடவில்லை. அதையும் எழுதியது நான்தான். அவசரமாகப் பெட்டியை அனுப்ப வேண்டியிருந்தது, பிறகு எடுத்துவிடலாம் என்று போட்டது. எங்கள் குழுவின் தலைவர் கிருபாசங்கர் எல்லோர் முன்னாலும் கேட்டார், “இது யார் வேலைங்க?” “என்னுதுங்க” என்றேன். திருத்தம் ஒரே வரி.

இனி உன் கேள்வி.

அதே 2019 ஆகஸ்ட். நீ கல்லூரி முதல் வருடம். ஒரு சாயங்காலம் சாலை மறியலில் பஸ் நின்றுவிட்டது. உன் போன் அணைந்திருந்தது. எட்டரை மணி வரை நீ வரவில்லை. அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அவரும் இப்படித்தான் ஒரு சாயங்காலம் வரலை” என்றார்.

மறுநாள் உன் போனை வாங்கினேன். ‘ஏதோ அப்டேட்’ என்றேன். உன் வாட்ஸப்பை என் லேப்டாப்பில் சேர்த்தேன். நீ இருக்கும் இடம் என் போனுக்கு வரும்படி செய்தேன். நீ அதற்கு முந்தின இரவே பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டாய். தவறு சரியாகிவிட்டது. நான் மூடவில்லை. ஒவ்வொரு புதுப் போன் வாங்கித் தந்தபோதும் மறுபடி திறந்து வைத்தேன்.

2020 பிப்ரவரியில், உன் பிறந்தநாள் அன்று, ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது அது வந்தது. ‘பதினெட்டு முடிஞ்சுது. நல்லா இரு கண்ணு. நைனா.’ நீ பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தேன். அழித்தேன். அந்த எண்ணைத் தடுத்தேன். அரை நிமிடம் ஆகியிருக்காது. பிறகு டீ குடிக்கப் போனேன்.

நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன்.

உன் போனில் கோளாறு எதுவும் இல்லை.

நேற்று காலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். லேப்டாப், இருப்பிடம், தடுத்த எண். என்னை நம்ப வேண்டாம். எனக்குத் தெரியாத ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிச் சோதித்துக்கொள்.

அவர் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. அது என் விஷயம். உன் அறைக்குள் அதைக் கொண்டுவந்து வைத்திருக்கக் கூடாது.

ரவிதேஜா

*

கோபிசெட்டிபாளையம்
30 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலம் தெரியாமல் எட்டு வாரம் ஓடிவிட்டது. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. கோபம் என்று சொல்வதற்குக் கூடக் கோபமாக இருந்தது. போனில் அம்மாவிடம் மட்டும் பேசினேன். நீங்கள் வாங்கிப் பேசவில்லை. கவனித்தேன்.

போனைக் கடையில் காட்டினேன். அந்த ஆள் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “யாருங் மேடம் உங்களைப் பார்க்கறது? ஒருத்தருமில்லீங்க” என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, விலை அதிகமென்று அழுவதாக நினைத்துக் திரைக்குக் கண்ணாடி ஒட்டி, அது இலவசம் என்றார்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நைனா அந்த நீல டிக்கைக் காட்டிய அன்றே என் போனைத் திறந்து பார்த்துவிட்டேன். உங்கள் லேப்டாப்பின் பெயர் இருந்தது. தடுத்த எண் ஒன்றே ஒன்று. நானே நீக்கியிருக்கலாம், இரண்டு தொடுதல். விரலைக் கொண்டுபோனேன், தொடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். நான் மூடினால் நீங்கள் இல்லை என்பீர்கள், நான் ஆமாம் என்பேன், அப்புறம் நமக்குள் ஒன்றும் மிஞ்சாது. திறந்தவரே மூடட்டும் என்று இருந்தேன். கடிதம் எழுத ஆரம்பித்தது அதற்காகத்தான். தபால் பெட்டிக்காக இல்லை.

தடையை எடுத்த பிறகும் அந்த ஆறு செய்தியும் வரவில்லை. வராதாம். நைனாவிடம் திரும்ப அனுப்பச் சொன்னேன். மாட்டேன் என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆறையும் வாசித்தே காட்டினார். இருபத்திரண்டாம் வயதுக்கானது மட்டும் நீளம். அதில் உங்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதை எழுத மாட்டேன். அது அவர் சொல்ல வேண்டியது.

டிசம்பர் 14, ஞாயிறு. காலை பத்து மணிக்கு என் இருப்பிடத்தை உங்களுக்கு அனுப்புவேன். ஒரு மணி நேரத்துக்கு மட்டும். பதினொன்றுக்கு அதுவே மூடிக்கொள்ளும். கட்டாயம் இல்லை. நைனாவிடம் சொல்லவில்லை.

வராவிட்டாலும் சுகமாக இருங்கள்.

தங்கை,
ஹர்ஷிணி

*

சத்தி ரோடு, எதிர் டீக்கடை
14 டிசம்பர் 2025, ஞாயிறு

அம்மணி,

சுகம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வெகுநேரம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, “பனி கொட்டுது, மப்ளர் எடுத்துக்க” என்றார். அவ்வளவுதான்.

பத்தரைக்கு வந்துவிட்டேன். நீ எந்தக் கடையில் என்று புள்ளி காட்டியது. பார்க்காமலே தெரிந்திருக்கும். எரிந்த வார்னிஷ் வாசனை ரோட்டைத் தாண்டி வருகிறது. நம் வீட்டின் பின்கட்டில் இருந்த அதே வாசனை.

உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டேன். கடைக்காரரிடம் பேனா வாங்கி, தினசரித் தாளோடு வந்த நோட்டீஸின் வெறும் பக்கத்தில் எழுதுகிறேன். நகம் கடிக்கவில்லை. பேனா இருக்கிறது.

இப்போது பதினொன்று. புள்ளி மறைந்துவிட்டது. இனி நீ எங்கே இருக்கிறாய் என்று என் போனுக்குத் தெரியாது. எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். அவர் முதுகு தெரிகிறது. தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

தூக்குப்போசியோடு ஓர் அம்மா ரோட்டைத் தாண்டி வருகிறார். வலது புருவத்தில் தழும்பு. இன்று கால் மணி நேரம் தாமதம். என்னவென்று கூப்பிடுவதென்று எனக்கும் தெரியவில்லை. ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டு இதை அவர் கையில் கொடுத்தனுப்பப் போகிறேன்.

நான் உள்ளே வரலாமா? நைனாவிடமும் கேள்.

அண்ணன்

*

(அதே தாள், அச்சடித்த பக்கத்தின் ஓரத்தில்)

அண்ணா,

நைனாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். எழுந்து வார்னிஷ் டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தேடினார். ஒரு பழைய டம்ளர். அதில் ஸ்க்ரூ போட்டு வைத்திருந்தார். கொட்டிவிட்டு இப்போது குழாயடியில் நின்று கழுவிக்கொண்டிருக்கிறார்.

வாங்க.